புதுவையிற் பாட்டும் உரையும்

புதுச்சேரி நகரினின்றும் மேற்றிசை நோக்கி வில்லியனூர்க்குச் செல்லும் பெருவழியில், உழவர்கரையைச் சார்ந்த ரெட்டியார்பாளையம் அமைந்துளது. அவ்வழிக்குக் கிழக்கே, நகரின் நடுவில், வேதபுரீசுவரர் திருக்கோயில் விளங்குகின்றது. மேற்கே வில்லியனூரில் கோகிலாம்பிகை உடனாய திருக்காமீசுவரர் எழுந்தருளியிருக்கின்றார். ஒரு கோயிலை வணங்கி மற்றொரு கோயிலுக்குச் செல்லும் அடியார் இப்பாளையத்தைக் கடந்தே செல்வர். இரண்டும் ஒரு பரம்பொருளின் இருப்பிடங்களே. ஆயினும் அவற்றைப்பற்றி எழுத்தில் நின்ற நினைவு ஒரு தன்மைத்தன்று. வில்லியனூர்க்கு வில்லைப் புராணம் என்னும் தலபுராணம் உண்டு, அது பாட்டு. வேதபுரீசுவரரது பழங்கோயிலுக்கு 1748-ஆம் ஆண்டில் நேர்ந்த கேட்டினை நாட்குறித்து அறிவிப்பதோ ஓர் உரைநடைக் குறிப்பு. தலத்தின் பெருமையைப் பாட்டுக் காத்தது. தலத்திற்கு நேர்ந்ததனை உரை காத்தது.

பாட்டும் உரையும் எத்தனை வகைப்படும், அவற்றைச் சைவ சமயம் எங்ஙனம் கையாண்டது, இந்நாளிற் சைவர் எதனைப் போற்றி எதனை நெகிழவிட்டனர் என்னும் வினாக்களுக்கு இப்பெருவழியின் இரு முனைகளும் விடை பகர்கின்றன.

தொல்காப்பியனார் செய்யுளியலில் யாப்பின் நிலைக்களங்களை ஏழாக வகுத்தனர். அவை பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்பன. பாட்டை முதற்கண் வைத்தவர் அதனையடுத்தே உரையை வைத்தமை கருதத்தக்கது. அவ்வுரையினையும் நான்காகப் பகுத்தார்: பாட்டின் இடையிடையே வருவது ஒன்று, பாவின் துணையின்றித் தனித்து நடப்பது ஒன்று, புனைந்து கூறும் பொய்க்கதை ஒன்று, உட்பொருள் பொதிந்த நகைமொழி ஒன்று. இதனால், உரைநடை என்பது மேனாட்டார் வந்தபின் தமிழிற் புகுந்த புதுமை என்னுங் கூற்றுப் பொருந்தாமை விளங்கும்.

பாட்டின் பாகுபாடு யாவரும் அறிந்ததே. வெண்பா, ஆசிரியப்பா, கலிப்பா, வஞ்சிப்பா எனப் பா நான்கு. தாழிசை, துறை, விருத்தம் என அவற்றிற்கு இனம் மூன்று. இவற்றை உறுப்பாகக் கொண்டு கோவை, உலா, தூது, பரணி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், அந்தாதி முதலாய பிரபந்தங்கள் கிளைத்தன. அவற்றைத் தொண்ணூற்றாறு என எண்ணுதல் பிற்கால வழக்கு. இப்பெருக்கிற்குச் சைவம் செய்த துணை சிறிதன்று. பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த மற்றோர் ஊராகிய காரைக்காலில் தோன்றிய அம்மையார், அந்தாதித் தொடையால் ஒரு நூல் முழுவதையும் யாத்தவருள் முற்பட்டவர். வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறி மாறி வரும் இரட்டைமணிமாலை என்னும் வகைக்கும் அவரே வழிகாட்டி. பன்னிருவர் அருளிய நாற்பது நூல்கள் அடங்கிய பதினோராந் திருமுறை, பிரபந்த வகைகளின் பண்டாரம் எனத்தகும். சேரமான் பெருமாள் நாயனாரது உலாவும் நம்பியாண்டார் நம்பியின் கலம்பகமும் அதன்கண் உள்ளன. அரசர் தோளையும் மகளிர் எழிலையும் பாடுதற்கு எழுந்த துறைகளை ஆண்டவன் திருவடிக்கு ஆளாக்கினமை அவ்வடியார்களது அருஞ்செயலாம்.

இனி, உரையினைச் சைவம் இழிவாகக் கருதிற்றோ எனின், இல்லை. தனித்து நடக்கும் தமிழ் உரைநடைக்குப் பழைய சான்றாக விளங்குவது இறையனார் களவியலுரை. ஆலவாய்ப் பெருமான் அறுபது சூத்திரங்களை அருளிச்செய்ய, நக்கீரனார் உரை கண்டார் என்பதும், பல உரைகளுள் மெய்யுரை இதுவே என உருத்திரசன்மர் காட்டினர் என்பதும், அவ்வுரை தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்தது என்பதும் அந்நூலே கூறும் வரலாறு. பாட்டு இறைவனிடத்தும் உரை அடியாரிடத்தும் பிறந்தன என்னும் இவ்வரலாற்றில், இரண்டும் ஓரிடத்துப் பிறந்த உடன்பிறப்புக்களாகவே காட்டப்படுகின்றன.

சித்தாந்தத்தின் முதனூலை நோக்குவார்க்கு இவ்வுறவு இன்னும் தெளிவாகும். மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தைப் பன்னிரண்டு சூத்திரத்தான் அமைத்தார். சூத்திரம் சுருங்கிய பாட்டு. அதனை முப்பத்தொன்பது அதிகரணமாக வகுத்து, மேற்கோளும் ஏதுவும் கூறும் வார்த்திகத்தை உரைநடையில் வைத்தார். ஏதுவால் நிறுவியதனை உள்ளத்திற் பதியுமாறு எண்பத்தொரு வெண்பாவால் எடுத்துக்காட்டினார். சூத்திரம் நினைவிற் பதித்தற்கும், உரை ஆராய்ந்து தெளிதற்கும், வெண்பா உவமையால் உணர்தற்கும் ஆயின. மூன்றும் கூடிய விடத்தே நூல் நிறைவுற்றது. இவற்றுள் உரையை நீக்கின் கொள்கை நிற்கும், அதற்குரிய காரணம் நில்லாது. பாட்டை நீக்கின் காரணம் நிற்கும், கற்பார் நெஞ்சிற் சுவை நில்லாது.

அவர் வழிவந்த ஆசிரியரும் பொருளுக்கேற்ற வடிவத்தையே தெரிந்தெடுத்தனர். பரபக்கம் மறுத்துச் சுபக்கம் நிறுவும் சித்தியாரை அருணந்தி சிவாசாரியார் விருத்தத்தாற் செய்தார். ஆசிரியனை வினவும் இருபாவிருபஃதில் வெண்பாவும் ஆசிரியப்பாவும் மாறி வருகின்றன. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனைக் குறள் வெண்பாவிலும், நெஞ்சுவிடு தூதினைக் கலிவெண்பாவிலும் பாடினார். ஒருவரே இருவேறு வடிவங்களை நாடினமைக்குக் காரணம் புலமை காட்டும் விருப்பமன்று. சூத்திரம்போற் சுருக்கிக் கூறுவதற்கும், ஆசானை நாடி நெஞ்சினைத் தூது போக்குவதற்கும் ஒரே பா உதவாது என்னும் தெளிவேயாம்.

இஃது இவ்வாறாகப் புதுவை நாட்டிற்கு மீள்வோம் எனின், அங்கே முதலில் எதிர்ப்படுவது பாகூர்ச் செப்பேடு. நகரின் தெற்கே மூலநாதர் கோயில்கொண்ட பாகூரில் 1879-ஆம் ஆண்டில் அது கிடைத்தது. பல்லவன் நிருபதுங்கவன்மனது எட்டாம் ஆட்சியாண்டில், கி. பி. ஒன்பதாம் நூற்றாண்டில், பாகூர் வித்தியாத்தானத்திற்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்கள் அளிக்கப்பெற்ற செய்தியை அது கூறுகின்றது. அதன் அமைப்பு இவ்வாராய்ச்சிக்கு மிகவும் வேண்டற்பாலது. அரசன் குடிவழியும் புகழும் வடமொழிச் சுலோகங்களில் அமைந்தன; ஊர்களின் எல்லையும் கொடையின் உரிமையும் தமிழ் உரைநடையில் அமைந்தன. புகழுக்குப் பாட்டு, எல்லைக்கு உரை என்று அக்காலத்தார் பகுத்துக்கொண்டனர். வயலின் எல்லையைப் பற்றி வழக்கு நேர்ந்தால் மன்றத்திற் படிக்கத்தகுவது எது என்பதனை அவர் நன்கு அறிந்திருந்தனர்.

பதினெட்டாம் நூற்றாண்டிற் புதுவையில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையிடத்தே இப்பகுப்பு மீண்டும் புலப்படுகின்றது. 1709-ஆம் ஆண்டிற் சென்னையை அடுத்த பெரம்பூரிற் பிறந்து, பிரெஞ்சுக் கும்பினியாரிடம் தலைமைத் துபாசியாக உயர்ந்த அவர், புலவரைப் புரந்த வள்ளல். தியாகராச தேசிகர் அவர்மீது ஆனந்தரங்கன் கோவையைத் தமிழிற் பாடினார். சீனிவாச கவி 1752-ஆம் ஆண்டில் ஆனந்தரங்க விசய சம்பு என்னும் நூலை வடமொழியில் இயற்றினார். சம்பு என்பது உரையும் பாட்டும் விரவிவரும் காப்பிய வகை. கத்தூரி ரங்ககவி தெலுங்கு யாப்பிலக்கணம் ஒன்றினை அவர் பெயராலேயே ஆனந்தரங்கராட்சந்தம் எனச் செய்தார். ஒருவரைச் சூழ்ந்து மும்மொழியிலும் கோவையும் சம்புவும் யாப்பு நூலும் தோன்றின.

அவர் தாமோ வேறொன்றனை எழுதிவந்தார். 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் தொடங்கி, 1761-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் உயிர் நீக்குங்காறும், கால் நூற்றாண்டுக் காலம், இடையிடையே விட்டும் தொட்டும் நாட்குறிப்பு வரைந்தார். தினப்படிச் சேதிக் குறிப்பு என வழங்கும் அதில் இலக்கணச் செவ்வியில்லை. பேச்சு வழக்கே நடையாயிற்று. பாரசீகம், போர்த்துகீசு, பிரெஞ்சு முதலிய மொழிகளின் சொற்கள் சந்தையிற் கலந்தவாறே ஏட்டிலும் கலந்தன. கப்பல் வந்த நாளும், சரக்கின் விலையும், ஆளுநர் கூறிய சொல்லும், தாம் கண்ட கனவும் அடுத்தடுத்து இடம்பெற்றன. அக்காலப் புலவரொருவர் அதனைக் கண்டிருப்பின் நூல் என்று கூற ஒருப்பட்டிரார்.

அக்குறிப்பில்தான் வேதபுரீசுவரர் கோயிலின் செய்தி உள்ளது. பழங்கோயில், சம்பாக் கோயில் என மக்கள் வழங்கும் கிறித்தவ ஆலயத்தை அடுத்திருந்தது. அதனை அகற்றவேண்டும் என்று பாதிரிமார் நெடுங்காலம் வேண்டிவந்தனர். நெசவும் வாணிகமும் செய்யும் தமிழ்க் குடிகள் ஊரைவிட்டு நீங்குவர் என்று அஞ்சிய முன்னை ஆளுநர்கள் அதற்கு இசைந்திலர். 1746-ஆம் ஆண்டிற் கோயிலுள் மலசலம் எறிந்த கொடுமைகளையும் பிள்ளை குறித்துள்ளார். 1748-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பொசுகாவன் நகரை முற்றுகையிட்டார். குடிகள் பலர் ஊரைவிட்டு நீங்கியிருந்த அச்செப்டம்பர்த் திங்களில், துய்ப்ளே ஆளுநராயிருந்தபோது, கோயில் இடிக்கப்பட்டது. ஆளுநரது மனைவியாரின் தூண்டுதலே இதற்குக் காரணம் எனப் பிள்ளை எழுதுகின்றார். சிவலிங்கத் திருமேனி சிதைக்கப்பட்டதனையும், எடுத்துச் செல்லக் கூடியவை காளத்தீசுவரர் கோயிலுக்குக் கொண்டுபோகப்பட்டதனையும், ஊர்த் தலைவர்கள் செய்வதறியாது வருந்தியதனையும் அவர் மறையாது வரைந்தார்.

இதனை எழுதியவர் சைவரல்லர், வைணவர். கோயிலை இடித்த அரசிற்கே தலைமைத் துபாசி. தடுக்கும் ஆற்றல் தமக்கில்லை என்பதனையும் அவர் உணர்ந்திருந்தார். ஆயினும் அன்று நிகழ்ந்ததனை அன்றே எழுதினார். அவ்வெழுத்து இன்றேல், அப்பழங்கோயில் எங்கிருந்தது, யார் காலத்து, எத்திங்களில், எவ்வாறு அழிந்தது என்பவற்றை இத்துணைத் தெளிவாகக் கூறுதல் இயலாது. அவரைப் பாடிய கோவையிற் பாங்கியும் தோழனும் பேசுவர். தலைவன் கொடை பேசப்படும். இடிந்த கோயிலின் ஒலி அதனுட் புகுதற்கு அவ்விலக்கணத்தில் இடமில்லை. இது கோவை பாடிய புலவரது குற்றமன்று. கோவை எடுத்துக்கொண்ட பொருளின் எல்லை. ஒவ்வொரு வடிவத்திற்கும் கண் ஒரு திசை நோக்கியே அமைந்துளது.

ஈண்டு ஒரு தடை எழுதல் கூடும். "தலபுராணமும் தேவாரமும் உள்ளவிடத்து, அழிவினையும் இழிவினையும் கூறும் உரைக்குறிப்பால் அடியார்க்கு ஆவதென்னை? இறைவன் அழிவிலாதவன். கல்லும் சுண்ணமும் வீழ்ந்தமை அவனைத் தாக்குமோ?" என்பது அத்தடை. தாக்காது என்பது உண்மையே. ஆனால் கோயில் இறைவன்பொருட்டு எடுக்கப்பட்டதன்று, உயிர்களின்பொருட்டு எடுக்கப்பட்டது. ஆலயந்தானும் அரனெனத் தொழத்தக்கது என்பது சித்தாந்தத் துணிபாகலின், அதற்கு நேர்ந்ததனை அறிந்து பேணுதலும் தொண்டின் பாற்படும். கோயிலின் வரலாற்றை அறியாதார் அதன் உரிமையையும் அறியார். உரிமையை அறியாதார் அதனைக் காத்தலும் அரிது.

இத்தடைக்கு முற்ற விடை தருவது திருவெண்ணெய்நல்லூரில் நிகழ்ந்த வழக்கு. நம்பியாரூரரைத் தடுத்தாட்கொள்ள வந்த பெருமான், முதியவராய்த் தோன்றிப் புத்தூர் மணப்பந்தரில் அடிமையோலை ஒன்றினைக் காட்டினார். ஆரூரர் அதனைப் பற்றிக் கிழித்தார். கிழிந்தது படியோலையே, மூலவோலை உளது என்று கூறி, முதியவர் வெண்ணெய்நல்லூர் அவையத்தாரிடம் வழக்கினைக் கொண்டு சென்றார். அவையத்தார் ஆட்சி, ஆவணம், காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றைக் காட்டுக என்றனர். மூலவோலை படிக்கப்பெற்றது, ஆரூரருடைய பாட்டனாரின் கையெழுத்து, காப்பிலிருந்த வேறோர் ஓலையோடு ஒப்பு நோக்கப்பெற்றது. இரண்டும் ஒத்தன, வழக்கு முடிந்தது. அதன்பின்னரே பெருமான் வெளிப்பட்டுத் தம்மைப் பாடுமாறு பணித்தருளினார்.

இவ்வரலாற்றின் முறைவைப்பு உற்று நோக்கற்குரியது. பாட்டிலே பெருவிருப்புடைய பெருமான் பாட்டால் வழக்கினை வெல்லவில்லை, ஆவணத்தால் வென்றான். ஆவணத்தோடு நிறுத்தவுமில்லை, பாட்டினைக் கேட்டான். உரிமையை நிறுவுதற்கு உரை. அன்பினைச் செலுத்துதற்குப் பாட்டு. படியோலை கிழிபடும் என்று அறிந்து மூலவோலையைக் காப்பில் வைத்திருந்த அம்முதியவர் செயல், ஏடுகளைப் போற்றும் நெறியினையும் அடியார்க்குக் காட்டுகின்றது. இதனைப் பாடிய சேக்கிழார் சோழர் ஆட்சியில் அமைச்சராயிருந்தவராதலின், ஆவணத்தின் இயல்பை நன்குணர்ந்து பாட்டினுள்ளே அதனை அமைத்துக் காட்டினார். உமாபதி சிவாசாரியார் சங்கற்ப நிராகரணத்துட் சகம் 1235 எனத் தம் காலத்தைக் குறித்தமையும் இவ்வுணர்வின் விளைவே. அவ்வொரு குறிப்பால், அஃதாவது கி. பி. 1313 என்னும் எண்ணால், சித்தாந்த ஆசிரியர் காலமெல்லாம் அளவிட்டறிய வழி பிறந்தது.

புதுவையில் நாட்குறிப்பு எழுதப்பட்ட அதே நூற்றாண்டில், திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் சிவஞானபோதத்திற்கு மாபாடியம் இயற்றினார். 1785-ஆம் ஆண்டிற் சிவபதமடைந்த அப்பெரியாரது உரைநடை, தருக்கமும் இலக்கணமும் செறிந்தது. நாட்குறிப்பின் நடைக்கு முற்றும் வேறானது. ஒன்று என்றும் உள்ள பொருளை ஆராய்வது. மற்றொன்று ஒருநாள் நிகழ்ந்ததனைக் குறிப்பது. உரைநடை ஒன்றே எனினும் இவ்விரண்டும் அதன் இருவேறு வகைகள். சைவர் முன்னதை உச்சியில் வைத்துப் போற்றினர். பின்னதைப் பெரும்பாலும் நெகிழவிட்டனர். கல்வெட்டிலே விளக்கிற்கும் நெய்க்கும் கணக்கெழுதிய மரபு, அரசுகள் மாறிய பின்னை நூற்றாண்டுகளிற் கோயில்தோறும் நாட்குறிப்பாக வளர்ந்திலது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் உரைநடையின் மூன்றாவது பயனைக் காட்டினார். பெரியபுராணத்தை அவர் வசனமாக எழுதி 1852-ஆம் ஆண்டில் அச்சிட்டார். பாட்டினை அகற்றுதற்கன்று, பாட்டினுட் புக இயலாதார்க்கு வாயில் திறத்தற்கே அவ்வசனம் எழுந்தது. பாலபாடமும் வினாவிடையும் கண்டனமும் அவர் கையில் உரைநடை வகைகளாயின. சைவப் பிள்ளைகள் தம் சமயத்தைத் தாமே படித்தறியும் நிலை அவ்வுரைநடையால் உண்டாயிற்று.

புதுவையின் நிகழ்ச்சியை நினைவூட்டுதல் ஒரு சமயத்தார்மேற் பகை வளர்த்தற்பொருட்டன்று. ஆனந்தரங்கப் பிள்ளையின் ஏடுகளை 1846-ஆம் ஆண்டில் அவர் வழியினரது இல்லத்திற் கண்டு உலகறியச் செய்தவர் ஆர்மான் கல்லுவா மோம்பிரான் என்னும் பிரெஞ்சுக்காரர். 1904 முதல் 1928 வரை பன்னிரு தொகுதியாக ஆங்கிலத்தில் வெளியிட்டது சென்னை அரசாங்கம். தமிழ் மூலம் தமிழ் எழுத்தில் தொடர்ந்து அச்சேறத் தொடங்கியது அதற்கும் பின்னரே. 1955-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் சைவாகமச் சுவடிகளை ஊர்தோறும் தேடித் தொகுத்தது. அவற்றை உள்ளிட்ட, ஏறத்தாழப் பதினோராயிரம் எண்ணும் புதுவைச் சைவச் சுவடித் தொகுதி, 2005-ஆம் ஆண்டில் யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. ஒரு காலத்துச் சைவக் கோயில் இடிந்த நகரிலேயே பிற்காலத்துச் சைவ நூல்கள் காப்புப் பெற்றன. பிறர் செய்த தீங்கினை எண்ணுவார் பிறர் செய்த நன்றியையும் எண்ணுதல் அறம். அதனினும் மேலாக, தம் பொருளைத் தாம் காவாது பிறர் காக்கும்வரை வாளாவிருந்தமையை எண்ணி நாணுதல் வேண்டும்.

வேதபுரீசுவரர் கோயில் மீண்டும் எழுந்தது. திவான் கந்தப்ப முதலியார் பொதுமக்கள் அளித்த பொருளைக் கொண்டு 1788-ஆம் ஆண்டில் அதனை எடுப்பித்தனர் என்பர். இன்று ஈசுவரன் கோயில் தெருவில் அங்கே வழிபாடு இனிது நடைபெறுகின்றது. பாடுவார் பாடுகின்றனர், அப்பாட்டுக் குறைவின்றி நிகழ்க. அதனோடு, ஒவ்வோர் ஊரிலும் சைவர் சிலர் கூடி, தம் கோயிலில் எந்நாளில் எத்திருப்பணி நிகழ்ந்தது, எத்திருமேனி எங்கிருந்து வந்தது, எந்நிலம் எவரால் அளிக்கப்பட்டு இன்று எவர் கையில் உளது, எத்திருவிழா எவ்வாண்டில் நின்றது என்பவற்றை எளிய உரைநடையில் நாட்குறித்து எழுதிவைப்பாராயின், அது வரும் தலைமுறைக்கு மூலவோலையாம். அதற்குக் கவித்திறம் வேண்டா. கண்டதைக் கண்டவாறு எழுதும் வாய்மையும், நாள்தோறும் எழுதும் விடாமுயற்சியுமே வேண்டும்.

ரெட்டியார்பாளையத்து வழியே வில்லியனூர்த் தேர் காணச் செல்லும் அடியார் பாடிக்கொண்டு செல்லுக. அவருள் ஒருவரேனும் அன்றிரவு இல்லந் திரும்பி, தேர் எப்பொழுது நிலைபெயர்ந்தது, எப்பொழுது நிலைக்கு வந்தது என்பதனைத் தேதியிட்டு எழுதிவைத்து உறங்குக.